உள்ளங்கையில் மூன்று மாத்திரை

தையல் ஃபேக்டரியில் அவளுக்கு பாபின் என்று பெயர், மெஷினுக்கு அடியில் நூலோடு சுற்றுகிற சின்ன உருளையின் பெயர். ஆள் குள்ளம், ஒரு இடத்தில் நிற்க மாட்டாள், அதனால் வந்த பெயர். ஏழாவது லைனில் காலர் வைக்கிற மெஷின் அவளுடையது. மணிக்கு அறுபது காலர் கேட்டார்கள். வேலைக்கு வந்த புதிதில் அவள் எழுபது போட்டாள். சூப்பர்வைசர் அதைப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் எழுபது என்று ஏற்றினான். அன்றைக்கு லைன் முழுக்க அவளைத் திட்டித் தீர்த்தது. மறுநாளிலிருந்து அவளும் அறுபதுதான். ஒரு முறை சூடு பட்டால் போதும், இரண்டாவது முறை அந்தப் பக்கம் கை நீட்டாதவள்.

அவளுக்கு எச்.ஐ.வி. இருந்தது. எப்படி வந்தது என்று கேட்டவர்களுக்கு அவள் பதில் சொன்னதில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை. சர்க்கரை வியாதிக்காரனை யாரும் அப்படிக் குடைவதில்லை. தினம் ஒரு வெள்ளை மாத்திரை. அதை விடாமல் போட்டால் ரத்தத்தில் கிருமி அடங்கிக் கிடக்கும், டெஸ்டில் எண்ண முடியாத அளவுக்கு. நாலு வருஷமாக அவளுக்கு அப்படித்தான் கிடந்தது.

கஷ்டம் கிருமியில் இல்லை, டப்பாவில் இருந்தது. ஃபேக்டரி வாசலில் செக்யூரிட்டி பையை வாங்கிக் குலுக்கிப் பார்ப்பான். மாத்திரை டப்பா கிலுகிலுவென்று ஊரைக் கூட்டும். அதனால் அவள் ஒரு நாளைக்கு ஒன்று என்று எடுத்து, வெட்டுத் துணியில் சுற்றி, பாபின் போட்டு வைக்கிற சின்னத் தகரப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போவாள். மதியம் சாப்பிட்ட கையோடு கக்கூஸுக்குள் போய்த் தாழ் போட்டு விழுங்கிவிட்டு வருவாள்.

"தினம் ஒரே நேரத்துக்கு உள்ள போற. உள்ள யாருடி உனக்காக உக்காந்திருக்கான்?" என்பாள் பட்டன் மெஷின் அக்கா.

"உங்க வீட்டுக்காரர்தான்க்கா. உங்களுக்கு பயந்துக்கிட்டு ஒளிஞ்சிருக்காரு."

லைன் சிரிக்கும். அவளும் சிரிப்பாள். மாத்திரை அதற்குள் வயிற்றுக்குப் போயிருக்கும்.

கல்யாணமும் மாத்திரையால் வந்ததுதான். அரசாங்க ஆஸ்பத்திரியில் பதினாறாம் நம்பர் ரூமில்தான் மாதாமாதம் மருந்து கொடுப்பார்கள். அந்த வரிசையில் அவளுக்கு முன்னால் நின்ற ஒரு லிஃப்ட் மெக்கானிக், மூன்று மாதமாக ஒரு வார்த்தை பேசாமல், நாலாவது மாதம் திரும்பி, "நீங்க எங்க ஒளிச்சு வைக்கறீங்க?" என்று கேட்டான்.

"பாபின் பெட்டியில. நீங்க?"

"எட்டாவது மாடியில, லிஃப்ட் மோட்டார் ரூம்ல. அங்க என்னைத் தவிர ஒரு காக்கா கூட வராது."

ஒருவர் ரகசியம் மற்றவருக்குத் தெரிந்திருந்தது. அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது. கட்டிக்கொண்டார்கள். அவனுடைய அம்மாவுக்கு மட்டும் எதுவும் தெரியாது. மகனுக்கு வியாதி இருப்பதே தெரியாது, மருமகளுக்கு இருப்பது எங்கே தெரியும்.

அந்த அம்மாள் இஸ்திரிக்காரி. ஒற்றை அறை வீடு, வாசலை ஒட்டி இஸ்திரி மேஜை. ஐந்து மணிக்கு இஸ்திரிப்பெட்டி சூடேறிவிடும், ஏழரைக்கு ஆபீஸ் போகிறவர்களின் சட்டை மடிந்து தயாராக இருக்கும். நேரம் தவறுகிறவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. பஸ் தாமதமாக வந்தால் டிரைவரிடமே போய்க் கேட்பாள்.

பாபினுக்கு வயிற்றில் பிள்ளை தங்கியது. பதினாறாம் ரூம் கவுன்சிலர் மேடம் கார்டைப் பார்த்துவிட்டு, "கிருமி அடங்கி இருக்கு. இப்படியே வச்சுக்கோங்க, பிள்ளைக்குப் போறதுக்கு வாய்ப்பு நூத்துல ஒண்ணு கூட இல்லை. மாத்திரையை மட்டும் ஒரு நாளும் விடக் கூடாது" என்றார்.

"விட மாட்டேன் மேடம்."

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க" என்றார் மேடம். தினம் நூறு பேரைப் பார்க்கிறவர்.

கர்ப்பிணிகளுக்கான கவுன்ட்டர் வேறு கட்டிடத்தில், நாற்பதடி தள்ளி இருந்தது. அங்கே ரத்தம் ஊற ஒரு சிவப்பு மாத்திரை, எலும்புக்கு ஒரு சுண்ணாம்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். "சிவப்பை வெறும் வயித்துல போடுங்க, அப்பதான் உடம்புல சேரும்" என்றாள் அங்கே இருந்த பெண். அந்தக் கவுன்ட்டரும் இந்த ரூமும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டதில்லை. இரண்டுக்கும் நடுவில் நடந்தவள் பாபின் மட்டும்தான்.

மாத்திரை வீட்டுக்கு வந்ததும் மாமியார் பொறுப்பெடுத்துக்கொண்டாள்.

"உன்னை நம்பி விட்டா நீ பாதி நாள் மறப்ப. என்கிட்ட குடு. காலைல அஞ்சரைக்கு நான் தர்றேன்."

"நானே போட்டுக்குவேன் அத்தை."

"நீ போட்டுக்குவ, நான் பாத்துக்குவேன். கொண்டா."

அன்றைக்குத்தான் அந்த யோசனை வந்தது. மசக்கையில் ஃபேக்டரி கக்கூஸ் நாற்றமே குமட்டியது. இரண்டு நாள் மாத்திரையை விழுங்கி உடனே கக்கி, மறுபடி விழுங்கியிருந்தாள். இங்கே ஒரு கை தானாக நீள்கிறது. பழைய விட்டமின் டப்பா ஒன்றை எடுத்தாள், தன் வெள்ளை மாத்திரைகளை அதில் கொட்டினாள், மாமியாரிடம் கொடுத்தாள்.

"இது விட்டமின் அத்தை. இதுவும் தினம் ஒண்ணு."

"மூணா? சரி, மூணு."

மறுநாள் காலை ஐந்தரைக்கு இஸ்திரிச் சூடு ஏறிய அந்த உள்ளங்கை நீண்டது. சிவப்பு ஒன்று, வெள்ளை இரண்டு. பாபின் மூன்றையும் ஒரே வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். நாலு வருஷத்தில் முதல் தடவையாக, தாழ் போடாமல், ஒரு மனுஷியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே மாத்திரை விழுங்கினாள். அன்றைக்கு ஃபேக்டரிக்குப் போகிற வழியெல்லாம் மனசு லேசாக இருந்தது. கணவனிடம் சொன்னபோது அவனும் சிரித்தான். "எங்கம்மா நர்ஸ் வேலைக்குப் போயிருந்தா பெரிய ஆளா வந்திருக்கும். ஒரு நிமிஷம் பிசகாது."

பிசகவில்லை. ஐந்து மாதம், ஒரு நாள் கூட.

எட்டாம் மாதம் ஃபேக்டரியில் லீவு போட்டாள். வயிறு மெஷினில் இடித்தது. பட்டன் மெஷின் அக்கா, "உள்ள இருக்கறதும் காலர் வைக்குதாடி?" என்று தட்டிப் பார்த்து அனுப்பினாள். அதற்கு அடுத்த வாரம், பிரசவத்துக்கு முன்னால் எடுக்கிற கிருமி டெஸ்டின் ரிசல்ட் வந்தது. கவுன்சிலர் மேடம் காகிதத்தை ஒரு முறை பார்த்தார், பேரைச் சரிபார்த்தார், மறுபடி பார்த்தார்.

"நாலாயிரத்து எண்ணூறு."

"என்ன மேடம்?"

"கிருமி ஏறியிருக்கும்மா. எத்தனை நாளா மாத்திரை போடலை?"

"ஒரு நாள் விடலை மேடம்."

"மறைக்காதீங்க. நான் திட்ட மாட்டேன். பிள்ளை பிறக்க இன்னும் ஆறேழு வாரம் இருக்கு. உண்மையைச் சொன்னாதான் ஏதாவது பண்ண முடியும்."

"சத்தியமா விடலை."

மேடம் கார்டில் ஏதோ எழுதினார். பாபினுக்கு அந்த எழுத்து தலைகீழாகத் தெரிந்தது: 'ஒழுங்காகப் போடுவதில்லை.' பிறகு மேடம் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். ஒரு மாதம் கழித்து மறுபடி டெஸ்ட். அப்போதும் எண் இறங்காவிட்டால் தேதி குறித்து ஆபரேஷன். பிறந்ததும் பிள்ளைக்கு இரண்டு சிரப், பன்னிரண்டு வாரம். எல்லாம் காதில் விழுந்தது, எதுவும் மண்டையில் நிற்கவில்லை. வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது. அதற்கு என்ன தெரியும்.

வீட்டில் கணவன் காகிதத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தான். பிறகு மெதுவாக, "நிஜமாவே தினம் போட்டியா?" என்றான்.

மேடம் கேட்டது அவளுக்கு வலிக்கவில்லை. அவர் கேட்கிற வேலைக்குச் சம்பளம் வாங்குகிறவர். இவன் அதே வரிசையில் நின்றவன். அவனுக்கு முதுகைக் காட்டித் துணி மடித்தாள். மூன்று நாள் அவனோடு பேசவில்லை. அந்த மூன்று நாளும் ஐந்தரைக்கு உள்ளங்கை நீண்டது, மூன்று மாத்திரையும் ஒரே வாயில் போயிற்று.

நாலாம் நாள் பதினாறாம் ரூமுக்குள் இருந்த பெஞ்சில் குடையக்கா அவளைப் பிடித்தாள். மழையோ வெயிலோ கையில் குடை இருக்கும், அதனால் குடையக்கா. அவளும் இதே மாத்திரைக்காரிதான், பதினாறு வருஷமாக. கிருமியில்லாத இரண்டு பிள்ளைகள். இப்போது ஆஸ்பத்திரியில் மற்றவர்களுக்குத் துணை நிற்பதுதான் அவள் வேலை.

"மேடம் சொன்னாங்க. நீ விடற ஆள் இல்லையே."

"நீங்களாவது நம்பறீங்களா அக்கா?"

"நம்பறது இருக்கட்டும். எப்படி போடுவேன்னு எனக்கு செஞ்சு காட்டு. இது உங்க வீடு, மணி காலைல அஞ்சரை. ம், ஆரம்பி."

பாபின் எழுந்து செய்து காட்டினாள். வாயைக் கொப்பளித்தாள். கையை நீட்டினாள். "அத்தை இப்படி தருவாங்க. மூணையும் ஒண்ணா வாயில போட்டு..."

"நில்லு. எந்த மூணு?"

"நம்ம மாத்திரை, சிவப்பு, சுண்ணாம்பு."

"ஒண்ணாவா?"

"ஒண்ணாதான். சந்தேகம் வராம இருக்கணும்ல."

"அதுக்கு முன்னாடி என்ன சாப்பிடுவ?"

"ஒண்ணும் இல்ல. சிவப்பு வெறும் வயித்துலதான் சேருமாம்."

குடையக்கா குடையைக் கீழே வைத்தாள். பிறகு எழுந்து போய்ப் பதினாறாம் ரூம் கதவைச் சாத்தினாள். அந்தக் கதவை யாரும் சாத்தினதே இல்லை, கூட்டம் அப்படி. கதவுக்குப் பின்னால் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஓரம் மஞ்சளாகி, ஒரு முனை சுருண்டு. கொட்டை எழுத்தில்: இந்த மாத்திரையோடு இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளை வெறும் வயிற்றில் சேர்த்துப் போடக் கூடாது. சேர்த்துப் போட்டால் மருந்து உடம்பில் ஏறாது. சாப்பாட்டோடு போடவும், அல்லது பல மணி நேரம் தள்ளிப் போடவும்.

பாபின் இரண்டு தடவை படித்தாள். பிறகு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"ஃபேக்டரியில சாப்பிட்டுட்டு போட்டப்ப நல்லா இருந்துச்சு" என்றாள். "கக்கூஸுல போட்டப்ப."

"ஆமா."

"வீட்டுல நிம்மதியா போட்டதுதான்..."

"ஆமாடி."

"நூத்தம்பது நாள் அக்கா. நூத்தம்பது நாளும் முழுங்கினேன்."

குடையக்கா உள் அறைக்குப் போய் மேடத்திடம் சத்தமாகவே பேசினாள். "இவ ஒழுங்காத்தான் போட்டிருக்கா. நாமதான் நோட்டீஸை கதவுக்கு பின்னாடி ஒட்டிட்டு ஊருக்கு சொல்லிட்டோம்னு உக்காந்திருக்கோம். கார்டுல எழுதினதை அடிங்க மேடம்."

மேடம் அடித்தார். முகம் சிறுத்துப் போயிருந்தது. "நான் கேட்டிருக்கணும்" என்றார். கெட்டவர் இல்லை. கேட்க நேரம் கொடுக்காத வேலை. மருந்து மாற்ற வேண்டாம், தனியாகப் போட்டால் கிருமி இறங்கும், அதற்குள் பிரசவம் வந்துவிடாமல் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் கணவனுக்குச் சொன்னாள். அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். பிறகு அவன் வாயிலிருந்து வந்தது இதுதான்: "சரி, அம்மாகிட்ட சிவப்பையும் சுண்ணாம்பையும் மதியம் சாப்பாட்டோட போடச் சொல்லிட்டாங்கன்னு சொல்லு. காலைல விட்டமின் மட்டும். பிள்ளை பிறந்தா அந்த சிரப்பையும் விட்டமின்னே சொல்லிடலாம். எதுக்கு இப்ப..."

"வேணாங்க."

"என்ன வேணாம்?"

"விட்டமின் வேணாம். சிரப் ரெண்டு. அத்தை கையிலதான் பிள்ளை இருக்கும். நேரம் தவற மாட்டாங்க, சரி. ஆனா என்னன்னு தெரியாம எதோட எதைக் கலந்து குடுப்பாங்களோ. ஒரு பொய்யே நாலாயிரத்து எண்ணூறுக்குக் கொண்டுபோய் விட்டுடுச்சு."

"அம்மா தாங்காதுடி."

"எனக்கு இப்ப உங்கம்மா தாங்கறதைப் பத்தி யோசிக்க நேரமில்லை. உங்களைப் பத்தியும் சேத்துதான் சொல்லணும். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அவன் சொல்லவில்லை. எட்டு மாடிக் கட்டிடத்துக்கு மேல் கம்பியில் தொங்கி வேலை செய்கிறவன், இதற்குப் பின்வாங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கரென்ட் போனது. இஸ்திரிப்பெட்டி ஆறிக்கொண்டிருந்தது. மாமியார் மேஜை ஓரத்தில் உட்கார்ந்து சட்டைகளுக்குத் தண்ணீர் தெளித்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பாபின் மூன்று டப்பாவையும் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். விட்டமின் டப்பாவைத் தனியே நகர்த்தினாள்.

"அத்தை, இது விட்டமின் இல்லை."

சொல்லி முடித்தாள். சுற்றி வளைக்கவில்லை, வியாதியின் பேர், எத்தனை வருஷம், எண், நோட்டீஸ், எல்லாம். மாமியார் சுருட்டிக்கொண்டிருந்த சட்டையை நிறுத்தவில்லை. அது முடிந்து அடுத்ததை எடுத்தாள். அதுவும் முடிந்தது.

"அவனுக்கு?"

"அவருக்கும்."

"யாருக்கு முதல்ல?"

"தனித்தனியாதான் அத்தை. வந்தப்புறம்தான் பாத்துக்கிட்டோம்."

கணவன் வாசல்படியில் தலை குனிந்து நின்றான். மாமியார் அவன் பக்கம் திரும்பவே இல்லை. தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"எத்தனை நாள் இந்தக் கையால குடுத்தேன்?"

"நூத்தம்பது, நூத்தி அறுபது..."

"வியாதி வந்தா வந்துட்டுப் போகுது. எவனுக்கு எது வரும்னு யாரு கண்டா. என் கையாலயே என் பேரப்புள்ளைக்கு கேடு பண்ண வச்சியே. அதுவும் நேரம் பாத்து, மணி பாத்து. என்னை எதுன்னு நெனச்ச, அலாரம் கடிகாரமா?"

மருந்துக் கவுன்ட்டரை, நோட்டீஸை, மேடத்தை, எல்லாரையும் குற்றம் சொல்லலாம். இந்தக் கேள்வியை மட்டும் வேறு யார் மேலும் தள்ள முடியாது.

"தப்புதான் அத்தை."

மறுநாள் காலை ஐந்தரைக்குக் கை நீளவில்லை. மூன்று டப்பாவும் அலமாரியில் இருந்தன. பாபின் தானே எடுத்துத் தன் மாத்திரையை மட்டும் போட்டாள். மற்ற இரண்டும் மதியச் சாப்பாட்டோடு. மாமியார் சோறு போட்டாள், துணி துவைத்தாள், வயிற்றுக்காரி குனியக் கூடாது என்று தண்ணீர்க் குடத்தைப் பிடுங்கினாள். பேசவில்லை. மகனோடும் பேசவில்லை. ஒற்றை அறையில் மூன்று பேர், இஸ்திரிப்பெட்டி உரசுகிற சத்தம் மட்டும்.

ஒரு மாதம் முடிந்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் வர ஒரு வாரம் என்றார்கள். நாலாம் நாள் காலை பத்து மணிக்குப் பனிக்குடம் உடைந்தது. எண் இறங்காவிட்டால் ஆபரேஷன் என்று முன்கூட்டியே குறித்து வைத்த தேதிக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. எண் இறங்கியதா இல்லையா என்று தெரியாமலேயே ஆட்டோவில் ஏறினாள்.

பிரசவ வார்டில் அவள் கார்டை வாங்கிய ஆயா அதை விரல் நுனியால் பிடித்து, "இது அந்தக் கேஸு" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். நாலு கட்டில் திரும்பிப் பார்த்தது. பாபின் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பின்னால் துணிப் பையோடு வந்த மாமியார்தான் வாயைத் திறந்தாள், அந்த வீட்டில் ஒரு மாதமாகத் திறக்காத வாய்.

"எந்தக் கேஸும்மா? பிரசவக் கேஸு. உனக்கு கண்ணு தெரியலைன்னா கண்ணாடி போடு."

டாக்டர் பார்த்தார். பிள்ளையின் தலை இறங்கிவிட்டது, இனி ஆபரேஷனுக்கு நேரமில்லை என்றார். இரண்டரை மணிக்குப் பெண் பிள்ளை பிறந்தது. இரண்டே முக்கால் கிலோ. நர்ஸ் உடனே துடைத்து, முதல் சொட்டு சிரப்பை வாயில் விட்டாள். பிள்ளை முகத்தைச் சுளித்தது. தாய்ப்பால் கொடுக்கலாமா என்று கேட்க, துணைக்கு வந்திருந்த குடையக்கா ஓடினாள். கொடுக்கலாம், அம்மாவின் மாத்திரையும் பிள்ளையின் சிரப்பும் ஒரு நாளும் நிற்காமல் இருந்தால் என்று பதில் வந்தது. பாபின் பிள்ளையை மார்பில் போட்டாள். பால் குடிக்கிற ஒவ்வொரு வாயையும் எண்ணிக்கொண்டிருந்தாள். கிருமி இறங்கியிருக்குமா, இறங்கியிருக்காதா.

மூன்றாம் நாள் காகிதம் வந்தது. எண்ண முடியாத அளவு. பிரசவத்துக்கு முன்பே கிருமி அடங்கிவிட்டிருந்தது. ஆனால் அதற்கு முன்னால் ஐந்து மாதம் இருக்கிறதே. அந்த ஐந்து மாதத்தில் பிள்ளைக்குப் போயிருந்தால் இந்தக் காகிதத்தால் ஒன்றும் ஆகாது. பிள்ளைக்கு முதல் டெஸ்ட் ஆறாவது வாரம்.

அந்த ஆறு வாரமும் சிரப் இரண்டும் மாமியார் பொறுப்பு. யாரும் கேட்கவில்லை, அவளே எடுத்துக்கொண்டாள். இஸ்திரி மேஜைக்கு மேல் சுவரில் கரியால் கோடு போட்டு வைத்தாள்: எந்த சிரப், எந்த நேரம், எத்தனை அளவு. மருமகளிடம் பேச்சு மட்டும் தேவைக்கு மேல் இல்லை.

ஆறாவது வாரம் பிள்ளையின் குதிகாலில் குத்தி அட்டையில் நாலு பொட்டு ரத்தம் எடுத்தார்கள். இன்னொரு புது சிரப்பும் கொடுத்தார்கள். மாமியார் அதைக் கையில் வாங்கியவள் நகரவில்லை. பின்னால் வரிசை முணுமுணுத்தது.

"இது எதோட சேரக் கூடாது?"

"அப்படி ஒண்ணும் இல்லம்மா, தாராளமா குடுங்க" என்றான் மருந்துக்காரன்.

"ஒண்ணும் இல்லைன்னா, ஒண்ணும் இல்லைன்னு எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தான். போகிற வழியில் பதினாறாம் ரூமைத் தாண்டும்போது அவள் நின்று உள்ளே பார்த்தாள். நோட்டீஸ் இப்போது பெஞ்சுக்கு நேர் எதிரே, கண் மட்டத்தில் இருந்தது. குடையக்கா ஒட்டியது, டேப் கோணலாக இருந்தது.

பிள்ளையின் ரிசல்ட் பத்தாவது வாரம் வந்தது. கிருமி இல்லை. மேடம், "இது முதல் டெஸ்ட்தான். பால் நிறுத்தினப்புறம் ஒண்ணு, ஒன்றரை வயசுல கடைசி ஒண்ணு. அதுவரைக்கும் ஜாக்கிரதையா இருக்கணும்" என்றார். கணவன் வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றான், தோள் குலுங்கியது. பாபினுக்கு அழுகை வரவில்லை. ஒன்றரை வயசு என்பதை மாதமாக, வாரமாக, நாளாக மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னாள்.

"ம்" என்றாள் மாமியார். பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். கை பிள்ளையின் முதுகில் வெகுநேரம் அப்படியே இருந்தது.

மறுநாள் விடிந்தது. பாபின் பிள்ளைக்குப் பால் கொடுத்தபடி கண் அசந்துவிட்டாள். இஸ்திரிப்பெட்டி ஒரு சட்டைக் காலரின் மேல் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. விட்டமின் டப்பா குப்பைக்குப் போய் நாளாயிற்று. மாத்திரை இப்போது அதன் சொந்த டப்பாவில், சொந்தப் பேரோடு, எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி அலமாரியில் இருந்தது.

உள்ளங்கை நீளவில்லை. அது இனி நீளாது என்று பாபினுக்குத் தெரியும். ஆனால் மேஜைப் பக்கமிருந்து, திரும்பாமலே, ஒரு குரல் வந்தது.

"மணி அஞ்சரை."